நாளைக்கு பைடன் – பேலின் டிபேட்: 'அனுபவம்'னு எதைச் சொல்றோம்?

கொள்ளிடத்தான் | 1 அக்டோபர் 2008, இரவு 7.40 (கிழக்கு நேரம்)

நாளை ராத்திரி 9 மணிக்கு செயின்ட் லூயிஸ், வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல அமெரிக்க அதிபர் தேர்தல்ல ஒபாமாவோட துணை அதிபர் வேட்பாளர் ஜோ பைடனும், எதிர்ல நிக்கிற மெக்கெய்னோட துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினும் மேடை ஏறுறாங்க. ஆஃபீஸ்ல இதே பேச்சுதான். "அந்தம்மாவுக்கு என்ன அனுபவம் இருக்கு"ன்னு ஒரு கூட்டம், "உங்க ஒபாமாவுக்கு மட்டும் என்ன கிழிச்சுதாம்"னு இன்னொரு கூட்டம். நான் ஹெச்1பி வேலை விசா, ஓட்டு இல்லாத ஜாதி. அங்க வாயைத் திறக்க முடியல, இங்க கொட்டிடுறேன்.

சட்டப்படி பார்த்தா அனுபவம் ஒரு தகுதியே கிடையாது. 35 வயசு, பிறப்பால் குடியுரிமை, 14 வருஷம் இந்த நாட்டுல வாசம். துணை அதிபருக்கும் அதேதான். மத்ததெல்லாம் ஓட்டுப் போடுறவன் பாடு.

நாலு பேர் கதையும் தெரிஞ்சதுதான். மெக்கெய்ன் 1983ல இருந்து காங்கிரஸ்ல இருக்கார். பைடன் 1973ல இருந்து செனட். ஒபாமா இல்லினாய் மாநில செனட்ல எட்டு வருஷம், வாஷிங்டன் வந்து நாலு வருஷம்கூட முடியல. பேலின் வாசில்லாங்கிற சின்ன ஊர்ல கவுன்சிலர், அப்புறம் ஆறு வருஷம் மேயர், 2006 டிசம்பர்ல இருந்து அலாஸ்கா கவர்னர்.

ஒபாமாவுக்கு ஒரு அளவுகோல், பேலினுக்கு ஒரு அளவுகோல்னு வைக்கிறோமா? வைக்கிறதுல நியாயம் இருக்கா? எனக்குன்னு ஒரு பதில் இருக்கு, முதல்ல மத்தவங்க சொல்லுங்க.

டல்லாஸ் மாமா | இரவு 8.05

கேட்டேளே, நல்ல கேள்வி. மத்த மூணு பேரும் செனட்டர்கள். செனட்ல நூத்துல ஒருத்தனா உக்காந்து பேசலாம், ஓட்டுப் போடலாம், போடாம நழுவலாம். ஒரு மாநிலத்தோட பட்ஜெட்டுக்குக் கையெழுத்துப் போட்டு, வேண்டாத செலவை வெட்டி, அதுக்குத் திட்டும் வாங்கினவா அந்த நாலு பேர்ல இவ ஒருத்திதான்.

எப்படி வந்தான்னும் பாருங்கோ. அலாஸ்கா எண்ணெய், எரிவாயு கமிஷன்ல தலைவரா போட்டா. அங்க கூட உக்காந்திருந்த ஆளு சொந்தக் கட்சியோட மாநிலத் தலைவர். கமிஷன் வேலை நேரத்துல கட்சி வேலை பார்க்கிறார்னு புகார் கொடுத்துட்டு, நல்ல சம்பளத்தை விட்டுட்டு வெளில வந்தா. அப்புறம் 2006ல அப்போ கவர்னரா இருந்த ஃப்ராங்க் முர்கௌஸ்கியை உட்கட்சித் தேர்தல்லயே மண்ணைக் கவ்வ வெச்சா. அவர் யாரு? 22 வருஷம் செனட்ல பழம் தின்னு கொட்டை போட்டவர். கவர்னரானதும் காலியான தன்னோட செனட் சீட்டுக்கு யாரை நியமிச்சார் தெரியுமோ, சொந்தப் பொண்ணை! அனுபவம்னா அதுவா?

பொன்னி | இரவு 8.31

மாமா, கட்சித் தலைவர் மேலயே புகார் கொடுத்ததுக்கு நிஜமாவே தில் வேணும், ஒத்துக்கிறேன். நிர்வாக அனுபவம்னு சொன்னீங்களே, அதையும் உள்ள போய்ப் பார்ப்போம்.

வாசில்லாவுல ஐயாயிரம் சொச்சம் ஜனம். மேயரா இருந்தப்ப அவங்க பெரிய சாதனையா சொல்றது ஒரு விளையாட்டு அரங்கம். ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலர் கடன், அதை அடைக்க விற்பனை வரியில அரை சதவீதம் ஏத்தம். அதெல்லாம் சரி, ஜனங்களே ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்டாங்க. ஆனா நிலத்துக்குப் பட்டா தகராறு தீர்றதுக்கு முன்னாடியே வேலையை ஆரம்பிச்சாச்சு. அப்புறம் வழக்கு, வக்கீல் ஃபீஸ், நிலத்துக்குக் கூடுதல் பணம். அந்த ஊர் பட்ஜெட்டுக்கு அதுவே பெரிய தொகை.

கவர்னர் ஜெட் கதையும் அப்படித்தான். முர்கௌஸ்கி வாங்கின விமானத்தை ஈபேங்கிற ஏல வெப்சைட்ல போட்டேன்னு மேடையில சொல்றாங்க, கைதட்டல் அள்ளுது. போட்டது உண்மை. விலை போகல. கடைசியில புரோக்கர் மூலமா வாங்கின விலைக்குக் கீழதான் வித்தாங்க. முடிவு நல்ல முடிவு, அதை நான் குறை சொல்லல. மேடைக்கதையையும் ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

வக்கீல் குமாஸ்தா | இரவு 8.50

இன்று மாலை சிபிஎஸ் தொலைக்காட்சியில் கேட்டி கூரிக் எடுத்த நேர்காணலின் அடுத்த பகுதி வந்தது. பார்த்தீர்களா? இருவரிடமும் ஒரே கேள்வி: உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் நீங்கள் ஏற்காதது எது? பைடன், பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் ஒரு பிரிவை நீதிமன்றம் ரத்து செய்ததைச் சொன்னார். அது அவரே கொண்டுவந்த சட்டம், நாக்கு நுனியில் இருந்திருக்கும். பேலினுக்குக் கருக்கலைப்புத் தீர்ப்பைத் தாண்டி ஒரு பெயரும் வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவரிடம் பதில் இருந்தது. எக்ஸான் வால்டஸ் கப்பல் 1989இல் அலாஸ்காக் கடலில் எண்ணெய் கொட்டியதற்கு, ஜூரி 1994இல் விதித்த தண்டத்தொகை 500 கோடி டாலர். மேல்முறையீட்டில் அது 250 கோடியானது. இந்த ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏறக்குறைய 50 கோடியாக வெட்டியது. பாதிக்கப்பட்டவர்கள் அலாஸ்கா மீனவர்கள். அன்றே அந்தத் தீர்ப்பை எதிர்த்து அறிக்கை விட்டவர் கவர்னர் பேலின். நாலு மாதம்கூட ஆகவில்லை.

இதை அனுபவக் குறைவு என்று எழுதுவதா, கேமரா பயம் என்று எழுதுவதா? நான் முடிவு செய்யவில்லை. தான் செய்த வேலையையே நாட்டளவில் ஒரு கேள்வியோடு பொருத்திப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இன்னும் வரவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

சிவகாசி சீனு | இரவு 8.58

எக்ஸான் மேட்டர் சூப்பர் பாயிண்ட் சார். எந்த பேப்பர் படிப்பீங்கன்னு நேத்து கேட்டதுக்கு "எல்லாமே"ன்னாங்களே, அதுக்கு இது எவ்வளவோ தேவலை :)

தெற்குத்தெரு | இரவு 9.12

எல்லாரும் பேலினையே துவைக்கிறீங்க. அனுபவஸ்தன் பைடன் லட்சணத்தையும் பாருங்க. போன வாரம் அதே கூரிக் கிட்ட என்ன சொன்னார்? 1929ல பங்குச்சந்தை விழுந்தப்ப ரூஸ்வெல்ட் டிவியில வந்து ஜனங்களுக்கு விளக்கினாராம். 1929ல அதிபர் ஹூவர். டிவின்னு ஒண்ணு அப்ப எந்த வீட்லயும் கிடையாது. இதையே பேலின் சொல்லியிருந்தா விடிய விடிய ஓட்டியிருப்பானுங்க.

அது நாக்குப் பிசகுன்னே விட்டுடலாம். ஈராக்கை எப்படி விடுறது? 2002 அக்டோபர்ல பைடன்தான் செனட் வெளியுறவுக் குழுத் தலைவர். அந்த விஷயத்துல அவரை விட அனுபவம் யாருக்கு இருந்திருக்க முடியும்? போருக்கு அனுமதி கொடுத்து ஓட்டுப் போட்டார். அதே மாசம் 2ஆம் தேதி சிகாகோவுல ஒரு கூட்டத்துல, வெளியூர்ல பேர் தெரியாத ஒரு மாநில செனட்டர், இது முட்டாள்தனமான போர்னு பேசினார். நாளைக்கு டிபேட் நடக்கும்போது அந்தப் பேச்சுக்கு சரியா ஆறு வருஷம். அந்த ஆளு இன்னைக்கு பைடனுக்கு மேல நிக்கிறார்.

துணை அதிபர் செனி, ஈராக் போரை நடத்தின பாதுகாப்பு மந்திரி ரம்ஸ்ஃபெல்ட் அனுபவத்தைப் பத்தி நான் வேற தனியா சொல்லணுமா?

டல்லாஸ் மாமா | இரவு 9.20

மாநில செனட்டருக்கு ஈராக் மேல ஓட்டே கிடையாது. ஓட்டு இல்லாதவன் மேடையில என்ன வேணா பேசலாம். கையைத் தூக்கணும்னு வரும்போதுதான் வயத்தைக் கலக்கும். போன வருஷம் கூடுதல் படை அனுப்புற விஷயத்துல ஒபாமா, பைடன் ரெண்டு பேருமே எதிர்த்தா. மெக்கெய்ன் ஒத்தையா நின்னு ஆதரிச்சார். யார் சொன்னது நடந்துதுன்னு பாருங்கோ. அது அனுபவம்.

மென்பொருள் முனி | இரவு 9.41

எனக்கு அரசியல் தெரியாது, ஆள் எடுக்கிறது தெரியும். பத்து வருஷ அனுபவம்னு ரெஸ்யூம்ல போட்டு வர்ற பாதிப் பேர், ஒரு வருஷம் கத்துக்கிட்டதைப் பத்துத் தடவை செஞ்சவன். புதுசா வர்றவன் சில சமயம் பின்னிடுவான். அதனால வருஷக் கணக்கை நான் பார்க்கிறதே இல்ல.

பொன்னி | இரவு 9.48

முனி, உங்க ஆஃபீஸ்ல எடுத்த ஆள் சரியில்லன்னா மூணு மாசத்துல வீட்டுக்கு அனுப்பலாம். இங்க நாலு வருஷம்.

கனகராயன்குளம் | இரவு 10.02

நான் டொராண்டோவில இருந்து எழுதுறன். உங்களுக்கு ஒரு தொல்லை, எங்களுக்கு ரெண்டு. நாளைக்கு இரவுதான் எங்கட கனடாக் கட்சித் தலைவர்மாரின்ர ஆங்கில விவாதமும். பிரதமர் ஹார்ப்பர், லிபரல் கட்சி டியோன், லேட்டன், டுசெப், அதோட முதல்முறையா பசுமைக் கட்சி எலிசபெத் மே. அவவை ஹார்ப்பரும் லேட்டனும் முதல்ல மறிச்சவை. சனம் கொதிச்ச பிறகுதான் விட்டவை.

டியோனைப் பாருங்கோ. பேராசிரியர், 1996இல இருந்து மந்திரிப் பதவிகள் பாத்தவர், நாட்டைப் பிரிக்கிற கதைக்கே சட்டம் கொண்டு வந்து முகம் குடுத்த ஆள். அனுபவத்தில ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஆனா ஆங்கிலத்தில கதைக்கேக்க திணறுறார், அதை வச்சே அவரை முடிச்சுப் போடுவினம். எங்கட கடைத்தெருவில எல்லாரும் பேலினைத்தான் பாக்கப் போகினமாம். சொந்த நாட்டுத் தேர்தல் 14ஆம் திகதி, அதை ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை.

சிவகாசி சீனு | இரவு 10.10

நம்ம ஊர்ல எம்.ஜி.ஆர் எந்த அனுபவத்தோட வந்தார்? ஜனங்க ஏத்துக்கலையா?

தெற்குத்தெரு | இரவு 10.16

சீனு, எம்.ஜி.ஆர் 1953லயே திமுக. 1962ல மேலவை, 1967ல எம்.எல்.ஏ, அப்புறம் கட்சிப் பொருளாளர். முதல்வரானது 1977ல. அவரை அனுபவம் இல்லாதவர்னு சொன்னா வரலாறு தெரியாதுன்னு அர்த்தம். உனக்கு உதாரணம் வேணும்னா என்.டி.ஆரைச் சொல்லு, கட்சி ஆரம்பிச்சு ஒம்பது மாசத்துல முதல்வர். இதோட நம்ம ஊர்க் கதையை நிறுத்திக்குவோம், இல்லன்னா இழை எங்கயோ போயிடும்.

வக்கீல் குமாஸ்தா | இரவு 10.35

இந்தச் சர்ச்சையில் யாராவது ஒருவர் லிங்கனை இழுப்பார் என்று காத்திருந்தேன். யாரும் இழுக்காததால் நானே இழுக்கிறேன். லிங்கனுக்கு முன் இருந்த ஜேம்ஸ் புக்கானன் பிரதிநிதிகள் சபை, செனட், ரஷ்யத் தூதர், வெளியுறவு அமைச்சர், பிரிட்டன் தூதர் எல்லாம் பார்த்து 1857இல் அதிபரானவர். நாடு கண்ணெதிரே உடைந்தபோது கை பிசைந்து நின்றார். லிங்கனுக்கு வாஷிங்டனில் இருந்தது ஒரே ஒரு இரண்டாண்டுத் தவணை. ஆனால் இதை வைத்துக்கொண்டு கத்துக்குட்டிகள் எல்லாம் லிங்கன் ஆகிவிட முடியாது. அதே உள்நாட்டுப் போரை வென்று கொடுத்த தளபதி கிராண்ட், எந்தத் தேர்தல் பதவியும் வகிக்காமல் அதிபரானார். கூட இருந்தவர்கள் அடித்த கொள்ளையில் அவருடைய ஆட்சியின் பெயரே கெட்டது.

எனக்குப் பிடித்த ஆள் செஸ்டர் ஆர்தர். நியூயார்க் துறைமுகச் சுங்க அதிகாரி. கட்சிக்காரனுக்கு வேலை போட்டுக் கொடுக்கும் இயந்திரத்தின் நடுநாயகம். அதற்காகவே 1878இல் அதிபர் ஹேய்ஸ் அவரை நீக்கினார். துணை அதிபராவதற்கு முன் ஒரு தேர்தலிலும் வென்றதில்லை. 1881இல் கார்ஃபீல்ட் சுடப்பட்டு இறந்ததும் இவர் கையில் நாடு. ஊரே தலையில் கை வைத்தது. அந்த ஆர்தர்தான் 1883இல், அரசு வேலைக்குத் தேர்வு வைக்கும் பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சுங்க அலுவலக அனுபவம் அவருக்கு உதவியதா, உறுத்தியதா, யார் கண்டது.

பொன்னி | இரவு 10.52

நாளைக்கு மேடையில பைடனுக்குத்தான் சிக்கல் ஜாஸ்தி. 1984 துணை அதிபர் டிபேட்ல ஜெரால்டின் ஃபெராரோங்கிற பெண் வேட்பாளரோட மோதின மூத்த புஷ், ஈரானுக்கும் லெபனானுக்கும் வித்தியாசம் நான் சொல்லித் தர்றேன் அம்மணின்னு ஆரம்பிச்சார். எனக்கு வெளியுறவுக் கொள்கை கத்துக்கொடுக்கிற தோரணை வேண்டாம்னு அவங்க முகத்துக்கு நேரா சொன்னாங்க. கைதட்டல் அவங்களுக்குத்தான். பைடன் அதை மறந்திருக்க மாட்டார். மிஷிகன் கவர்னர் ஜெனிஃபர் கிரான்ஹோமை பேலினா நிக்க வெச்சு ஒத்திகை பார்க்கிறாராம்.

வாயை அடக்கினா பாதி ஜெயம். போன வருஷ டிபேட் ஒண்ணுல, உங்க வாயைக் கட்டுப்படுத்த முடியுமான்னு கேட்டதுக்கு "முடியும்"னு ஒரே வார்த்தை சொல்லிட்டு நிறுத்திட்டார். அரங்கமே சிரிச்சுது. அந்தாள் பேசினதுலயே சிறந்த பதில் அதுதான்னு நினைக்கிறேன்.

மென்பொருள் முனி | இரவு 11.04

டிபேட்ல நல்லாப் பேசினா அனுபவசாலியா? 1992ல சுயேச்சையா நின்ன பெரோவோட துணை வேட்பாளர் ஸ்டாக்டேல் "நான் யார், இங்க ஏன் நிக்கிறேன்"னு ஆரம்பிச்சார், கிழவனுக்குப் புத்தி பேதலிச்சுடுச்சுன்னு சிரிச்சானுங்க. மெக்கெய்ன் கிடந்த அதே ஹனோய் சிறையில ஏழு வருஷத்துக்கு மேல கிடந்து, மத்த கைதிகளைத் தலைமை தாங்கி நடத்தின அட்மிரல் அவர். ஒரு ராத்திரி டிவியில எல்லாம் போச்சு.

தெற்குத்தெரு | இரவு 11.15

எதிர்ப்பக்கமும் இருக்கு. 1988ல மூத்த புஷ்ஷோட துணை வேட்பாளர் குவேல், அனுபவத்துல நானும் கென்னடியும் ஒண்ணுதான்னு சொல்லி எதிர்க்கட்சித் துணை வேட்பாளர் பென்ட்சன் கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டார். டிபேட்ல படுதோல்வி. அடுத்த மாசம் புஷ்–குவேல் 40 மாநிலம் ஜெயிச்சாங்க. துணை அதிபர் டிபேட்டை வெச்சு ஒருத்தனும் ஓட்டை மாத்துறதில்ல.

பேலினை லேசா எடை போடாதீங்க. 2006 அலாஸ்கா தேர்தல்ல அவங்களோட மோதின சுயேச்சை ஆண்ட்ரூ ஹால்க்ரோ இப்ப எழுதியிருக்கார். ஒரு நாள் பேலின் அவர்கிட்ட சொன்னாங்களாம்: நீங்க குறிப்பே இல்லாம புள்ளிவிவரமா அடுக்குறீங்க, அசந்து போறேன். ஆனா எதிர்ல உக்காந்திருக்கிற ஜனங்களைப் பார்த்தா, இதெல்லாம் ஒரு பொருட்டான்னு தோணுது. அந்தத் தேர்தல்ல முன்னாள் கவர்னர் டோனி நோல்ஸ், ஹால்க்ரோ ரெண்டு பேரும் தோத்தாங்க. நாளைக்கு 90 விநாடிப் பதில். அது அவங்க ஆடுகளம்.

கொள்ளிடத்தான் | இரவு 11.50

சரி, என் கணக்கைச் சொல்லிடுறேன்.

ஒபாமாவுக்கும் பேலினுக்கும் வேற வேற அளவுகோல் வைக்கிறது நியாயம்தான்னு நினைக்கிறேன். பதவி வருஷத்தை நான் எண்ணல. எத்தனை நாள் ஊர் முன்னாடி நின்னு அடி வாங்கினாங்கன்னு எண்ணுறேன். ஒபாமா 2007 பிப்ரவரியில ஸ்ப்ரிங்ஃபீல்டுல அறிவிச்சார். அதுக்கப்புறம் இருபதுக்கும் மேல டிபேட். ஆரம்பத்துல உட்கட்சிப் போட்டியில ஹிலாரி பக்கத்துல நிக்கும்போது பரிதாபமா இருந்தார், ஒவ்வொண்ணா தேறினார். அவரோட சர்ச் போதகர் ரைட் பேசின பேச்சால விவகாரம் வந்துச்சு, ராத்திரி மூணு மணிக்கு வெள்ளை மாளிகையில போன் அடிச்சா யார் எடுக்கணும்னு ஹிலாரி விளம்பரம் வந்துச்சு. இதே பைடன்தான் போன வருஷம் ஆகஸ்ட்ல, அதிபர் பதவி வேலையில சேர்ந்து கத்துக்கிற இடம் இல்லன்னு ஒபாமாவைப் பத்திச் சொன்னதை அயோவா மேடையில திரும்பவும் நிலைநிறுத்தினார். இதையெல்லாம் பார்த்துட்டுத்தான் கோடிக்கணக்கான பேர் அவருக்கு ஓட்டுப் போட்டாங்க. சரியோ தப்போ, தெரிஞ்சு போட்டாங்க.

பேலினை ஒரே ஒருத்தர்தான் தேர்ந்தெடுத்தார். ஆகஸ்ட் 29ல இருந்து நாளை வரைக்கும் அஞ்சு வாரம். அதுலயும் பெரிய பேட்டி விரல் விட்டு எண்ணலாம். இப்ப செடோனாவுல மெக்கெய்ன் பண்ணையில உக்காத்தி வெச்சுப் பாடம் நடக்குது. அவங்க கெட்டிக்காரங்களா இருக்கலாம், நமக்குப் பார்க்க வாய்ப்பே கொடுக்கல.

இன்னொண்ணு, துணை அதிபருக்கு அவகாசம் கிடையாது. இதுவரைக்கும் ஒம்பது துணை அதிபர்கள் நடுவுல அதிபராகியிருக்காங்க. எட்டு சாவு, ஒரு ராஜினாமா. ட்ரூமன் 82 நாள் துணை அதிபரா இருந்தார், ரூஸ்வெல்ட் போயிட்டார். அணுகுண்டுத் திட்டம் என்னன்னே அவருக்குச் சொல்லல. சொல்லப்போனா 1943ல செனட் குழுத் தலைவரா போர்ச் செலவைத் துருவினப்ப அந்தத் தொழிற்சாலைகள் மேல அவருக்கே சந்தேகம் வந்துச்சு, போர் மந்திரி ஸ்டிம்சன் தயவுசெஞ்சு விட்டுடுங்கன்னு கேட்டுக்கிட்டார். அப்படி ராணுவக் கணக்கு வழக்குல ஊறின ஆளே தடுமாறினார். மெக்கெய்னுக்கு 72 வயசு, மெலனோமாங்கிற தோல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பண்ணினவர். இதைப் பேசுறது நாகரிகம் இல்லன்னு சிலர் சொல்றாங்க. ஓட்டுச்சீட்டுல ரெண்டு பேரும் இருக்கும்போது பேசாம எப்படி?

டல்லாஸ் மாமா | 2 அக்டோபர் 2008, காலை 7.15

கொள்ளிடம், உம்ம கணக்குப்படி பைடனே வந்திருக்க முடியாது. 1972ல அவருக்கு 29 வயசு. ஒரு கவுண்டி கவுன்சில்ல ரெண்டு வருஷம், அவ்வளவுதான். எதிர்ல நின்னவர் கேலப் பாக்ஸ், டெலவேர்ல எம்.பி, கவர்னர், ரெண்டு தவணை செனட்டர்னு எல்லாம் பார்த்தவர். ஜனங்க சின்னப் பையனைத்தான் எடுத்தா. இன்னிக்கு அவரை அனுபவஸ்தன்னு நீங்களே கொண்டாடறேள்.

ராத்திரி செனட் 74–25ல நிதி மீட்பு மசோதாவை நிறைவேத்திடுத்து, பார்த்தேளா? திங்கக்கிழமை கீழ்ச்சபை தோற்கடிச்சு டௌ பங்குச்சந்தைக் குறியீடு 777 புள்ளி விழுந்ததே, அந்த மசோதாதான். லீமான் வங்கி விழுற வரைக்கும் பார்த்துண்டு இருந்ததும் இதே அனுபவஸ்தாள்தான்.

கொள்ளிடத்தான் | காலை 8.02

மாமா, பாக்ஸ் உதாரணம் நல்லாவே குத்துது. ஆனா டெலவேர் சின்ன மாநிலம். பைடன் அந்த வருஷம் முழுக்க வீடு வீடா ஏறி இறங்கினார், பார்த்துட்டுத்தான் போட்டாங்க. நூறு செனட்டர்ல ஒருத்தர், கத்துக்க ஆறு வருஷம் இருந்துச்சு. அணுகுண்டுப் பொத்தான் பக்கத்துல உக்காத்தல.

பொன்னி | காலை 8.20

டிபேட்டை நடத்தப்போற க்வென் ஐஃபில் கணுக்கால் உடைஞ்சும் வர்றாங்க. கறுப்பினத் தலைவர்கள் பத்திப் புத்தகம் எழுதுறாங்க, நடுநிலையா இருக்க மாட்டாங்கன்னு நேத்துல இருந்து ஒரு கூச்சல் வேற. அதனாலயே பேலினை மடக்கி மடக்கிக் கேட்க மாட்டாங்களோன்னு எனக்கு பயம். என்னைக் கேட்டா ரெண்டு பேருக்கும் ஒரே கேள்வி போதும்: உங்க தலைவர் கிட்ட நீங்க ஒத்துப்போகாத விஷயத்துல, நாளைக்கே அந்த நாற்காலி உங்களுக்கு வந்தா எந்தப் பக்கம் போவீங்க? அலாஸ்கா ஆர்க்டிக் சரணாலயத்துல எண்ணெய் தோண்டணும்கிறாங்க பேலின், மெக்கெய்ன் கூடாதுங்கிறார். அங்க ஆரம்பிக்கலாம்.

சிவகாசி சீனு | காலை 8.24

நம்ம ஊர்ல நாளைக்குக் காலைல ஆறரை மணி. சிஎன்என்ல நேரடியா வருமாம். அப்பாவையும் எழுப்பி உக்கார வெக்கப்போறேன், அவர் பேலின் கட்சி.

கனகராயன்குளம் | காலை 8.31

நான் எலிசபெத் மேயைத்தான் பாக்கப் போறன். உங்கட ஆக்களை மறு ஒளிபரப்பில பாக்கிறன்.